தீர்மானத்தை நிறைவேற்றும் முன் எங்களிடமும் காட்டுங்கள்

தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வாக்காளரின் திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். மன்றக் கூட்டம் நடந்த மறுநாள் காலையில் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தைத் தேடிப் படிக்கிறவர்களில் நானும் ஒருத்தி. பல ஆண்டுப் பழக்கம் என்பதால் அந்தச் செய்தி எப்படி இருக்கும் என்பது எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். ‘மாமன்றக் கூட்டத்தில் கூச்சல், குழப்பம்’ என்று தலைப்பு இருக்கும். எந்த உறுப்பினர் இருக்கையை விட்டு எழுந்து மேயரின் மேஜை வரை போனார், யார் தரையில் அமர்ந்து தர்ணா செய்தார், எந்தக் கட்சி வெளிநடப்புச் செய்தது என்றெல்லாம் விவரமாக எழுதியிருப்பார்கள். கடைசியில் ஒற்றை வரி: ‘பின்னர் அனைத்துத் தீர்மானங்களும் நிறைவேற்றப்பட்டன.’

இந்தக் கடிதம் அந்த ஒற்றை வரியைப் பற்றியது. எங்கள் தெருவுக்கு எது வரும், எது வராது, எவ்வளவு செலவில் வரும், யார் செய்து தருவார் என்பதெல்லாம் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது. கூச்சலைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட அதைப் பற்றித் தெரிவதில்லை. மன்றத்தில் முடிவுக்கு வரும் விஷயங்களின் பட்டியலான பொருள் நிரலைக் கூட்டத்துக்கு முன்பே மக்கள் பார்வைக்கு வையுங்கள். எந்தத் தீர்மானத்தை யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பதைப் பெயருடன் பதிவுசெய்து வெளியிடுங்கள். நான் கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்லத்தான் மீதிக் கடிதம்.

உங்கள் கைக்கு வந்துசேரும் பொருள் நிரல் புத்தகம் ஒன்றை எங்கள் பகுதியின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் எனக்குப் புரட்டக் கொடுத்தார். ஒவ்வொரு பொருளும் ஒரே வாக்கியமாக அரைப் பக்கம் ஓடுகிறது. இன்ன வார்டில், இன்ன தெருவில் மழைநீர் வடிகால் கட்ட இத்தனை லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டு, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டு, வரப்பெற்றவற்றில் இன்னாருடைய விலைப்புள்ளி குறைவாக இருப்பதால் அதை ஏற்கலாம் என்பது மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது. நடைதான் கடினம், உள்ளே இருப்பது எவருக்கும் புரிகிற விஷயம். தெருவின் பெயர் இருக்கிறது, வடிகாலின் நீளம் இருக்கிறது, தொகை இருக்கிறது, பணியை எடுப்பவரின் பெயர் இருக்கிறது. அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண்மணி அதைப் படித்தால், “கிழக்குப் பக்கம் வடிகால் கட்டுகிறீர்களே, தண்ணீர் தேங்குவது மேற்குப் பக்கம் அல்லவா?” என்று உடனே கேட்டுவிடுவார். எந்த ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையும் இதைவிடப் பயனுள்ள ஒரு கேள்வியைத் தந்துவிடாது.

அந்தப் புத்தகத்தில் இன்னொரு வகைப் பொருளும் இருந்தது: பின்னேற்பு. அவசரம் கருதி முன் அனுமதி பெற்றுப் பணி முடிந்துவிட்டது, செலவை இனி மன்றம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். வெள்ளம் சூழ்ந்த இரவில் மோட்டாரை வாடகைக்கு எடுத்துத் தண்ணீரை இறைத்தால் அதற்கு மன்றத்தைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாதுதான். ஆனால் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வருகிற திருவிழாவுக்குப் பந்தல் போட்டதும், அலுவலகக் கட்டடத்துக்கு வர்ணம் பூசியதும் ஏன் அவசரம் ஆகின்றன? இதை மன்றத்தில் எழுந்து கேட்கவேண்டியவர்கள் நீங்கள். கேட்காமல் விட்டால், முடிவெடுக்கும் இடமாக இருக்கவேண்டிய மன்றம் முடிந்துபோனவற்றுக்குக் கையெழுத்திடும் இடமாகச் சுருங்கிவிடுகிறது.

புத்தகம் கைக்கு வருவதே தாமதமாகத்தான், முழுவதும் படிக்க நேரமில்லை என்று உங்களில் சிலரே மன்றத்தில் குறைபட்டுக்கொண்டதைச் செய்தியில் படித்திருக்கிறேன். அப்படியானால் உங்களுக்கும் எங்களுக்கும் வேண்டியது ஒன்றேதான். ஏழு நாள் முன்னதாக வெளியிட்டால் உங்களுக்காகப் படிக்க வார்டு முழுக்க ஆட்கள் இருக்கிறோம். ஓய்வுபெற்ற கணக்கர்கள் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கொத்தனார்களும் மேஸ்திரிகளும் இருக்கிறார்கள். ஒரு மேன்ஹோல் மூடிக்கு என்ன விலை என்பது மேஸ்திரிக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு தெருவில் சிமெண்ட் சாலை போட்டார்கள். பூமி பூஜைப் படம் உள்ளூர்ப் பக்கத்தில் வந்தது. சாலையும் நன்றாகவே அமைந்தது. மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து பழகிய மக்கள் மகிழ்ந்தார்கள். சில மாதங்களில் குடிநீர்க் குழாய் பதிக்க அதே சாலையை நடுவில் வெட்டினார்கள். உடைத்தெடுத்த கான்கிரீட் பாளங்களை வீட்டுச் சுவர்களை ஒட்டி அடுக்கி வைத்திருந்தார்கள். வழுக்காமல் இருப்பதற்காகச் சாலையின் மேல் துடைப்பத்தால் இழுத்த கோடுகள் அந்தப் பாளங்களில் இன்னும் புதிதாகத் தெரிந்தன. குழாய் பதித்த பள்ளத்தை ஜல்லியும் மண்ணும் கொட்டி மூடினார்கள். முதல் மழையிலேயே மண் உள்வாங்கியது. பள்ளி வேன் ஒன்றின் பின்சக்கரம் அதில் இறங்கி, குழந்தைகளை ஒவ்வொருவராகத் தூக்கி இறக்கவேண்டி வந்தது. நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை. மறுநாள் செய்தி: ‘புதிய சாலை தோண்டப்பட்டதால் பொதுமக்கள் அவதி. நடவடிக்கை எடுக்கப்படுமா?’

விசாரித்துப் பார்த்தால், சாலைக்கான தீர்மானத்தையும் குழாய்க்கான தீர்மானத்தையும் நிறைவேற்றியது ஒரே மன்றம். இரண்டும் ஒருமனதாக நிறைவேறியவை. எந்த உறுப்பினருக்கும் அந்தத் தெருவின் மேல் பகையில்லை. எவரும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான். அந்தத் தெருவிலேயே ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர் ஒருவர் குடியிருக்கிறார். சாலைக்கான பொருள் மன்றத்துக்கு வருவதற்கு முன் வார்டு அலுவலக வாசலில் ஒட்டியிருந்தால், “முதலில் குழாய் பதியுங்கள், அப்புறம் சாலை போடுங்கள்” என்று அவர் சொல்லியிருப்பார். அவருக்குத் தெரிந்தது சாலைக்குக் கற்கள் வந்து இறங்கியபோதுதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 10 ரூபாய் கட்டி மனுப் போட்டு, பதிலுக்கு 30 நாள் காத்திருப்பதற்குள் பணி பாதி முடிந்துவிடும். அந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். 2005-இல் இயற்றிய அந்தச் சட்டத்தில், எவரும் மனுப் போடாமலேயே அரசு அமைப்புகள் தாமாக முன்வந்து வெளியிட வேண்டியவற்றை அந்தப் பிரிவு வரிசைப்படுத்துகிறது. மன்றங்கள், குழுக்கள் ஆகியவற்றின் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் வரலாமா, அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகளைப் பொதுமக்கள் பார்க்கலாமா என்ற விவரமும் அதில் ஒன்று. சில மாநகராட்சிகள் நிறைவேறிய தீர்மானங்களை இணையதளத்தில் ஏற்றுகின்றன. பாராட்டுகிறேன். நிறைவேறும் முன்பு காட்டுவதுதான் இன்னும் மீதமிருக்கிறது.

ஒரு மன்றத் தீர்மானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம்முடைய வரலாற்றிலேயே சான்று உண்டு. 1920 செப்டம்பரில், சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம்விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஆகும் செலவு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. ஒரே ஒரு பள்ளி, ஓர் அணா. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 செப்டம்பரில், தமிழ்நாடு அரசு காலை உணவுத் திட்டத்தை மதுரையில் தொடங்கியபோது எல்லோரும் நினைவுகூர்ந்தது அந்தத் தீர்மானத்தைத்தான். எந்தப் பள்ளி, எவ்வளவு தொகை, எந்த மாதம் என்று இன்றைக்கும் நம்மால் சொல்ல முடிவதற்குக் காரணம், அது விவரமாக எழுதிவைக்கப்பட்டது என்பதுதான். 1939-இல் சத்தியமூர்த்தி சென்னை மேயராக இருந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்காகப் பாடுபட்டார். 1944-இல் அது பயன்பாட்டுக்கு வந்தபோது அவர் உயிருடன் இல்லை. இன்றும் சென்னை அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியைச் சிறியது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

அந்த நாற்காலி காலியாக இருந்த காலங்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். மஸ்டர் ரோல் எனப்படும் கூலிப் பணியாளர் வருகைப் பதிவேட்டில் நடந்த ஊழல் வெடித்ததைத் தொடர்ந்து 1973-இல் சென்னை மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல்தான் நடந்தது. ஒரு தலைமுறையே கவுன்சிலர் என்ற ஒருவரைக் காணாமல் வளர்ந்தது. இதைப்போல நடக்கக் கூடாது என்பதற்காகவே 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. அதற்குப் பிறகும் என்ன நடந்தது? 2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீட்டில் இருந்த குறைபாட்டை ஒட்டிய வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மன்றங்களுக்குப் பதிலாக நிர்வகிக்க, அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். நகர்ப்புறங்களுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல்.

அந்த ஐந்தாண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தில் என்னென்ன நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எந்தத் தெருவுக்கு லாரி போகவேண்டும் என்று வார்டு சார்பில் பேச ஒரு மன்ற உறுப்பினர் இல்லை. 2020-இல் கொரோனா வந்தது. தகரம் அடித்து மூடிய தெருக்களில் இருந்தவர்கள் பாலுக்கும் மருந்துக்கும் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்தார்கள். தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கிடையாது. பல ஊர்களில் அலுவலர்கள் இரவுபகலாக உழைத்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அலுவலர் மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர். உறுப்பினர் எங்களுக்குப் பதில் சொல்லவேண்டியவர். 2022 மார்ச்சில் பதவியேற்ற உங்கள் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் நிறைவடைகிறது. அதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று நீங்களே, எல்லாக் கட்சியினரும் சேர்ந்து, மன்றத்தில் தீர்மானம் போடுங்கள் என்பது என் உபரிக் கோரிக்கை.

2022 தேர்தலில் மாநில அளவில் 60 சதவீதத்துக்குச் சற்று மேல் வாக்குகள் பதிவாயின. சென்னையில் 44 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. நகரத்து மக்களுக்கு அக்கறை இல்லை என்று பலரும் எழுதினார்கள். நான் ஒப்பமாட்டேன். மன்றம் எதை முடிவு செய்கிறது என்றே தெரியாதவர், அந்த மன்றத்துக்கு யாரை அனுப்புவது என்று ஏன் மெனக்கெட வேண்டும்? தெருவிளக்கு எரியாதபோதும் குப்பை வண்டி வராதபோதும் சினந்துகொள்ளும் மக்கள்தாம் இவர்கள். அக்கறை இருக்கிறது. அதை மன்றத்தோடு சேர்க்கும் வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது.

சொத்து வரியை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2022 ஏப்ரல் தொடக்கத்தில் மாநில அரசு சொத்து வரிச் சீராய்வை அறிவித்தது. குடியிருப்புகளுக்கு இடத்தையும் பரப்பளவையும் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை உயர்வு. அரசு சொன்ன காரணங்களில் ஒன்று, சொத்து வரியைச் சீரமைத்தால்தான் 15-ஆவது நிதி ஆணையத்தின் மானியம் கிடைக்கும் என்பது. மறுக்க முடியாத காரணம்தான். வரியே கூடாது என்று நான் வாதிடவில்லை. வரி இல்லாமல் துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? என் வருத்தம் வேறு. அரசின் அறிவிப்பை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியவை உங்கள் மன்றங்கள். என் வீட்டுக்கு எவ்வளவு உயர்ந்தது என்பது ரூபாய் சுத்தமாக எனக்குத் தெரியும். என் வார்டு உறுப்பினர் அன்றைக்கு எப்படி வாக்களித்தார், ஏதாவது பேசினாரா, பேசாமல் இருந்தாரா, அவைக்கு வந்தாரா என்பது தெரியாது. வீட்டு வரி ரசீதில் பைசாக் கணக்குவரை காட்டுகிற அமைப்பு, அந்த வரியை விதித்தவர்களின் பெயர்களைக் காட்டத் தயங்குவது எந்த வகையில் நியாயம்?

பெயரைப் பதிவதால் உங்களுக்குத் தீங்கு வரும் என்று அஞ்சவேண்டாம். “மானியம் போய்விடும் என்பதால் ஆதரித்தேன். சிறு வீடுகளுக்கு உயர்வைக் குறைக்கச் சொல்லிப் பேசினேன்” என்று ஒருவர் சொன்னால் நான் அவரை மதிப்பேன். எதிர்த்தவர் காரணம் சொன்னால் அவரையும் மதிப்பேன். ‘ஒருமனதாக’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் எல்லோரும் நின்றுகொண்டால், உழைத்தவரையும் உறங்கியவரையும் எங்களால் பிரித்தறிய முடியாது. அதனால் நட்டம் உழைத்தவருக்குத்தான்.

இனி, நகர வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைப் பேசும் பகுதி சபை. கிராமங்களில் கிராம சபை கூடுகிறது. கூச்சலும் சடங்கும் அங்கேயும் உண்டு என்றாலும், வரவுசெலவைக் கேட்கும் உரிமை அந்த மக்களுக்கு இருக்கிறது. 2022-இலிருந்து ஆண்டுக்கு ஆறு முறை கூட்டவேண்டும் என்று ஆகியிருக்கிறது. நகரத்தில் இருப்பவர்களுக்கு அப்படி ஓர் இடமே இல்லாமல் இருந்தது. 2022 ஜூனில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே வந்தார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

பிறகு நானும் ஒரு பகுதி சபைக் கூட்டத்துக்குப் போனேன். எந்த ஊர், எந்த வார்டு என்று சொல்லி ஒருவரைச் சுட்டுவது என் நோக்கமில்லை. பள்ளிக் கட்டடம் ஒன்றில் வேலை நாளின் முற்பகலில் நடந்தது. வேலைக்குப் போகிறவர்கள் எவரும் வர முடியாத நேரம். முன்வரிசையில் உறுப்பினரும் சுகாதார ஆய்வாளரும் பொறியாளரும் அமர்ந்திருந்தார்கள். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா எழுந்து, தெருக்கோடியில் இருக்கும் பொதுக்குழாயின் மேடை உடைந்திருப்பதாகவும் குடத்தை வைத்து நிமிரும்போது கால் இடறுவதாகவும் சொன்னார். பொறியாளர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். “போன கூட்டத்திலும் எழுதினீர்களே ஐயா” என்றார் அந்த அம்மா. அறை அமைதியாகிவிட்டது. அவர் குரலில் கோபமே இல்லை. அது எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது. பதில் சொல்ல எவரிடமும் முந்தைய கூட்டத்தின் குறிப்பு இல்லை. வருகைப் பதிவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கூட்டத்தை முடித்தார்கள்.

அந்த அம்மாவின் கேள்வியையே விதியாக்கிவிடுங்கள். பகுதி சபைக் கூட்டத்தின் முதல் பொருள், போன கூட்டத்தில் எழுதிக்கொண்டவை என்ன ஆயின என்பதாக இருக்கட்டும். ஒவ்வொன்றாகப் படிக்கவேண்டும். முடிந்தது, முடியவில்லை, நிதி இல்லை, எங்கள் அதிகாரத்தில் இல்லை என்று ஏதாவது ஒரு பதில் வேண்டும். முடியாது என்ற பதிலைக் கேட்டுக்கொள்ள மக்கள் தயாராகவே இருக்கிறார்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையோ மாலையிலோ வையுங்கள். தேதியைக் கோயில் வாசலிலும் பள்ளிவாசல் தெருவிலும் ரேஷன் கடையிலும் எழுதிப் போடுங்கள். குப்பை வண்டியின் ஒலிபெருக்கியில் நாள்தோறும் பாட்டு ஒலிக்கிறது. அதில் ஒரு வரி அறிவிப்பும் சேரட்டும்.

பெண் உறுப்பினர்களிடம் தனியாக ஒன்று சொல்லவேண்டும். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடங்கள் என்று 2016-இல் சட்டமாகி, நகர்ப்புறத்தில் 2022 தேர்தலில்தான் முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அப்போதிருந்த 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. சென்னையில் முதன்முறையாகப் பட்டியலினத்துப் பெண் ஒருவர் மேயரானார். அந்தச் செய்தியைப் படித்த நாளில் எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் மூவரையும் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினேன். ஆனால் இன்றும் எத்தனையோ ஊர்களில் கவுன்சிலர் யார் என்று கேட்டால் கணவரின் கைப்பேசி எண்ணைத்தான் கொடுக்கிறார்கள். பூஜையில் கடப்பாரையைப் பிடித்து நிற்பவரும் அவரே. இதில் உங்களைக் குறை சொல்லி நான் ஒதுங்கிக்கொள்ள மாட்டேன். உங்களைச் சுற்றியிருப்பவர்கள் உங்களைப் பேசவிடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். பெயருடன் வாக்குப் பதிவு வந்துவிட்டால் அந்த வாக்கை உங்களைத் தவிர வேறு எவரும் அளிக்க முடியாது. நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் பெயருக்கு நேரே நீங்கள் பேசியதுதான் இருக்கும். தட்டுத்தடுமாறிப் பேசினாலும் உங்கள் குரலே எங்களுக்கு வேண்டும். பயந்து பயந்து கேட்ட முதல் கேள்வியை எவரும் பரிகசிக்கமாட்டோம்.

“அது எங்கள் கையில் இல்லை” என்று நீங்கள் அடிக்கடி சொல்வதில் உண்மை இருக்கிறது. அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணை நகர அமைப்புகளுக்கு உரியவையாக 18 பணிகளைச் சொல்கிறது. நகரத் திட்டமிடலும் குடிநீர் வழங்கலும் அதில் உண்டு. சென்னையில் குடிநீர் தனி வாரியத்திடம் இருக்கிறது, திட்டமிடல் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் இருக்கிறது. மின்கம்பிக்கு ஒரு துறை, பெரிய சாலைக்கு ஒரு துறை. ஒரே தெருவை நான்கு பேர் நான்கு மாதத்தில் தோண்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். இதை எங்களிடம் முணுமுணுப்பாகச் சொல்வதைவிட, அந்தத் துறைகளின் பொறியாளர்களை மன்றத்துக்கோ மண்டலக் குழுவுக்கோ அழைத்து, அவர்கள் வார்டில் செய்யப்போகும் வேலைகளைத் தேதியோடு கேட்டு வெளியிடுங்கள். அவர்கள் வரவில்லை என்றால் வரவில்லை என்பதும் குறிப்பில் ஏறட்டும். அதிகாரம் வேண்டும் என்று நீங்கள் அரசிடம் கேட்கும் நாளில் உங்கள் பின்னால் நாங்கள் நிற்போம். அப்படி நிற்பதற்கு முதலில் எங்களுக்கு விவரம் தெரியவேண்டும்.

கட்சிகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மேயரை நாங்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த தேர்தல்கள் உண்டு. 1996-இலும் 2011-இலும் அப்படித்தான் நடந்தது. 2022-இல் உறுப்பினர்களாகிய நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். 2024 ஜூலையில் கோயம்புத்தூர், திருநெல்வேலி மேயர்கள் இருவரும் ஒரே நாளில் பதவி விலகினார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்த மன்றத்துக்குள் என்ன குறை, யார் சொன்னார்கள் என்று நாங்கள் அறிந்ததெல்லாம் செய்தியாளர்கள் அங்குமிங்கும் விசாரித்து எழுதியவை மட்டுமே. கட்சி தன் உறுப்பினரை மாற்றிக்கொள்வது கட்சியின் உரிமை. ஆனால் மேயர் பதவி ஊருடையது. அது ஏன் காலியாகிறது என்பதைக் கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு.

செய்தியாளர்கள் மீது எனக்குப் புகார் இல்லை. மாவட்டப் பக்கத்தில் அரைப் பத்தி இடத்துக்குள் ஒரு கூட்டத்தை அடக்கவேண்டிய நிலையில், கையில் முன்கூட்டியே எந்தத் தாளும் இல்லாதபோது, கண்ணெதிரே நடக்கும் வாக்குவாதத்தைத்தான் அவர்கள் எழுத முடியும். பொருள் நிரல் ஒரு வாரம் முன்னதாக வெளியானால் அவர்கள் அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டே கூட்டத்துக்கு வருவார்கள். கேள்விகள் தரமாகும், உங்கள் பேச்சும் அச்சேறும்.

இதற்கெல்லாம் புதிய சட்டம் வரவேண்டும், அரசாணை வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கூட்டத்துக்கு இப்படி ஒரு பொருளைக் கொண்டுவாருங்கள்: ‘மன்றத்தின் பொருள் நிரலைக் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாக இணையதளத்திலும் ஒவ்வொரு வார்டு அலுவலக வாசலிலும் வெளியிடவும், ஒவ்வொரு தீர்மானத்தின் மீதும் உறுப்பினர்களின் வாக்கைப் பெயருடன் பதிவுசெய்து பத்து நாளுக்குள் வெளியிடவும், பகுதி சபைக் கூட்டங்களில் முந்தைய கூட்டத்தின் நிலவர அறிக்கையை முதல் பொருளாக வைக்கவும் மன்றம் முடிவு செய்கிறது.’ ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால் போதும். இருவரும் எந்தக் கட்சியினர் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அது நிறைவேறினால் மகிழ்வேன். தோற்றுப்போனாலும், அதற்கு யார் யார் கை தூக்கினார்கள் என்ற பட்டியலை மட்டும் வார்டு அலுவலக வாசலில் ஒட்டிவிடுங்கள். வந்து படித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தவறாமல் வாக்களிக்கும் ஒரு வாசகி